நான் போட்ட அந்தச் சிவப்புக் கோடு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். முக்கியமாக 1998க்கு முன்னால் என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன பொங்கல் லீவில் என் பழைய மாணவி ஒருத்தி ஆவடிக்கு வந்திருந்தாள். அவள் அம்மா வீடு இன்னும் இங்கேதான் இருக்கிறது. அப்பா டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவள் இப்போது வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். "எழுதுறதா இருந்தா எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் பெயர் இல்லை.

காலையில் நான் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். "நானும் வரேன்" என்று அவளும் வந்தாள். இரண்டு சுற்று நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அதைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, காலேஜ் ப்ரொஃபசருக்கு வாரத்துக்குப் பதினாலு மணி நேரம்தான் க்ளாஸாமே? நாங்கள்லாம் ஒரு நாளைக்கு ஏழு பீரியட் எடுத்தோமே, மத்த நேரமெல்லாம் நீங்க என்னதான் பண்றீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். யூஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் வகுப்பு என்பது உண்மைதானாம். மீதி நேரக் கதையை அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. ஒரு பேராசிரியர் எட்டு பேர் வரை பிஎச்டிக்கு வழிகாட்டலாம். அந்த எட்டு பேரின் ஆராய்ச்சி, அவர்களுடைய உதவித்தொகை, சில சமயம் கல்யாணப் பேச்சு வரைக்கும் இவள் தலையில்தான். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமென்றால் திட்டம் எழுதி தில்லிக்கு அனுப்ப வேண்டும். பணம் வந்தால் கணக்கு ஒப்படைக்க வேண்டும். நாக் குழு வருகிறது என்றால் ஃபைல் கட்ட வேண்டும். கேள்வித்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, வைவா. ஃபிரிட்ஜ் ரிப்பேர் ஆனால் மெக்கானிக்குக்கு ஃபோன் போடுவதும் அவள்தான், ஏனென்றால் ஒரு வருஷ உழைப்பு அந்த ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்.

அவளுடைய ஆராய்ச்சி புரதங்களைப் பற்றியது. ஒரு புரதத்தைச் சுத்தம் செய்து, சொட்டுச் சொட்டாக வைத்து, உப்புப் பூக்கிற மாதிரி படிகமாக வளர்க்கிறார்கள். வந்தால் வரும், மாசக்கணக்கில் வராமலும் போகும். வந்த படிகத்தில் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, அது சிதறுகிற விதத்தை வைத்து, உள்ளே அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த வடிவம் தெரிந்தால்தான் அதற்கு ஏற்ற மருந்தை யோசிக்க முடியும்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே சொன்னவள், அப்புறம் ஏரியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்.

"டீச்சர், போன வருஷம் நான் ஒரு தப்புப் பண்ண இருந்தேன்."

அவளிடம் ஒரு பையன் பிஎச்டி செய்கிறான். கிராமத்திலிருந்து வந்தவன், அதிகம் பேசமாட்டான். நாலு வருஷமாக முயன்ற ஒரு புரதத்தின் வடிவம் கிடைத்துவிட்டது. கட்டுரை எழுதி முடித்தாகிவிட்டது. அதை நம்பி அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம் தயாராக இருக்கிறது. அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பையன் அறைக் கதவைத் தட்டி, "மேடம், ராமச்சந்திரன் ப்ளாட்ல நாலு புள்ளி வெளியில விழுது. அந்த இடத்துல நாம கட்டின சங்கிலி தப்புன்னு நினைக்கிறேன்" என்றானாம்.

"எனக்கு வந்த கோபம் இருக்கே டீச்சர்! ‘சில புரதத்துல அப்படி விழத்தான் செய்யும், உனக்கு என்ன தெரியும், போய் வேலையைப் பாரு'ன்னு சொல்லிட்டேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை."

அவள் சொன்னதும் பொய் இல்லையாம். எப்போதாவது ஒரு புள்ளி நியாயமான காரணத்தோடு வெளியில் விழுவது உண்டு. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவள் சோதிக்கவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, எக்ஸ்ரே தரவுகளை மறுபடி பார்த்தார்கள். அவன் சொன்னதுதான் சரி. அந்த இடத்தில் சங்கிலியைத் தப்பாகக் கட்டியிருந்தார்கள். பிரித்துக் கட்டி, சரிபார்த்து, கட்டுரையைத் திரும்ப எழுத எட்டு மாசம் ஆயிற்று. அந்த வருஷத் திட்டப் பணம் போயிற்று.

"பணம் போனது கூடப் பரவாயில்லை டீச்சர். அவன் அதுக்கப்புறம் என்கிட்ட வந்து எதையும் சொல்லாமப் போயிருந்தா?" என்றாள்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ராமச்சந்திரன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன்.

ஜி. என். ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பி.எஸ்சி. ஆனர்ஸ் படித்தது நம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் இயற்பியலுக்கு மாறி சர் சி. வி. ராமனின் மாணவர் ஆனார். கேம்பிரிட்ஜுக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடியபோது, ராமன் இவர் பெயரைத்தான் சொன்னார். 1952இல் கிண்டி வளாகத்தில் பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயதுதான்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி கொலாஜன். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கிற புரதம் அது. பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே பெரும்பாலும் கொலாஜன்தானே. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனையும் வைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். 1954இல் ராமச்சந்திரனும் அவரோடு வேலை பார்த்த கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்பது மூன்று இழை சேர்ந்த அமைப்பு என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த வருஷம், அந்த மூன்று இழையும் ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னார்கள். தேங்காய் நாரில் புரி புரியாகத் திரித்து மூன்றையும் சேர்த்து முறுக்கிக் கயிறு செய்வார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த விஷயத்தை அதுவரை உலகத்தில் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

ஆனால் 1955இல் கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு வந்தது. சொன்னவர்கள் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும். இரண்டு வருஷம் முன்னால்தான் டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அந்தக் கிரிக். மூன்று இழை முறுக்கு சரி, ஆனால் நீங்கள் போட்ட அமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று இருக்கக்கூடிய தூரத்தைவிட நெருக்கமாக இருக்கின்றன, அது சாத்தியமில்லை என்றார்கள்.

கிண்டியில் உட்கார்ந்து வேலை செய்கிற முப்பத்து மூன்று வயதுக்காரருக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து சிவப்பு மையில் ஒரு கோடு! அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். சரி, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக்கூடாது என்று யார் தீர்மானித்தது, அதற்குக் கணக்கு இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதுவரை தெரிந்திருந்த படிக அமைப்புகளில் இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டத்தில் வருகின்றன என்று தன் குழுவோடு தேடி எடுத்துத் தொகுத்தார். பிறகு வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும் என்று கணக்குப் போட்டார்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் கையைப் பாருங்கள். முழங்கை உள்பக்கமாக மடங்கும், வெளிப்பக்கமாக மடங்காது. புரதச் சங்கிலியும் அப்படித்தான். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருப்பம் உண்டு. ஒன்றைக் கிடைக்கோட்டிலும் இன்னொன்றைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் திரும்பக்கூடிய இடங்கள் அந்தச் சதுரத்தில் சில திட்டுகளாக மட்டும் தெரிகின்றன. மீதி எல்லாம் தடை. இதுதான் 1963இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கட்டினாலும், சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அவர் 1970இல் சென்னையை விட்டுப் போய், பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியலுக்கு ஒரு துறையையே தொடங்கினார். ஸ்கேன் எடுக்கப் போகிறோமே, சி.டி. ஸ்கேன், அதில் பல எக்ஸ்ரே பதிவுகளிலிருந்து ஒரு படத்தை உருவாக்குகிற கணக்கு முறையிலும் 1971இல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து அவர் செய்த வேலை இருக்கிறது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். தோல் ஆராய்ச்சி நிலையத்தில் முச்சுருள் என்ற பொருளில் "ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்" என்றே ஓர் அரங்கத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஒரு வெட்கம். பிர்லா கோளரங்கத்துக்கு உங்களை எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, தலையை எண்ணி, பார்க் ஸ்டேஷனில் மறுபடி ரயில் பிடித்து, புளியோதரைப் பொட்டலத்தோடு போவோமே. அந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறோம். "இந்த வளாகத்தில்தான் உலகமே பயன்படுத்துகிற ஒரு விஷயம் பிறந்தது" என்று ஒரு வார்த்தை நான் உங்களிடம் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

சரி, இப்போது எனக்கு நெஞ்சு திக்கென்ற விஷயத்துக்கு வருகிறேன்.

தன்னிடம் படிக்கிற பையனைப் பற்றி அவள் சொல்லி முடித்ததும் கேட்டேன். "அன்னிக்கு ராத்திரி உனக்கு ஏன்மா தூக்கம் வரலை?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்குமான்னு தெரியலை டீச்சர். மெழுகுவத்தி" என்றாள்.

ஞாபகம் இருந்தது. 1992. எட்டாம் வகுப்பு. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்போம். கொஞ்ச நேரத்தில் மெழுகுவத்தி அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "உள்ளே இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, ஐந்தில் ஒரு பங்கு ஏறியது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்" என்று சொல்லிக்கொடுத்தேன். பயிற்சிப் பள்ளியில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் இந்தப் பெண் வேறு மாதிரி எழுதியிருந்தாள். மெழுகுவத்தி எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை, அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறுகிறது. வீட்டில் மூன்று மெழுகுவத்தி வைத்துப் பார்த்தேன், இன்னும் அதிகமாக ஏறுகிறது. டம்ளர் ஒன்றுதான், ஆக்சிஜனும் அதே அளவுதான். அதனால் ஆக்சிஜன் மட்டும் காரணம் இல்லை என்று எழுதியிருந்தாள்.

நான் அந்தப் பதில் முழுவதையும் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்தேன். ஐந்துக்குப் பூஜ்ஜியம். பக்கத்தில் "பாடத்தில் உள்ளதை எழுது" என்று வேறு எழுதினேன். பேப்பர் கொடுத்த அன்று அவள் என் மேஜைக்கு வந்து, "டீச்சர், நான் செஞ்சு பார்த்துட்டுத்தான் எழுதினேன்" என்றாள். நான் வகுப்பே கேட்கும்படி, "நீ என்ன பெரிய விஞ்ஞானியா? போய் உக்காரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்தப் பதிவைப் படிக்கிற சிலரும் அன்றைக்குச் சிரித்தவர்கள்தான். அந்த வருஷம் முடியும்வரை அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

1998 கோடை விடுமுறையில் ஒரு பணியிடைப் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவர் எங்களையே அந்தச் சோதனையைச் செய்யச் சொன்னார். முதலில் ஒரு மெழுகுவத்தி, அடுத்து மூன்று. அவள் எழுதியது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. டீ டைமில் நான் யாரோடும் பேசவில்லை. ஸ்கூல் திறந்த பிறகு அடுத்து வந்த பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவர்களுக்கு? யாருக்கும் சொல்லவில்லை. ஆறு வருஷம் கழித்து எந்த முகத்தோடு அவள் வீட்டுக்குப் போவது என்று இருந்துவிட்டேன். அடுத்த தெருவில்தான் வீடு.

அன்று ஏரிக்கரையில் சொன்னேன். "நீ எழுதினதுதான்மா சரி. அது எனக்கு 1998லேயே தெரிஞ்சு போச்சு. சொல்லாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனப்போ எனக்கு அந்தப் பேப்பர்தான் ஞாபகம் வந்துச்சு டீச்சர். அதனாலதான் மறுநாள் கூப்பிட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "பார்த்தியா, நீ திட்டினதாலதான் அவ ப்ரொஃபசர் ஆயிருக்கா" என்றார். உறவுகளே, நீங்களும் அதையேதான் சொல்வீர்கள் என்று தெரியும். தயவுசெய்து சொல்லாதீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ராமச்சந்திரனுக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது காரணம் சொன்ன மறுப்பு. எந்த இடத்தில் தப்பு, ஏன் தப்பு என்று எழுதினார்கள். அவருக்குப் பின்னால் ஒரு துறை இருந்தது, துணைவேந்தர் இருந்தார், திருப்பிக் கணக்குப் போட வசதி இருந்தது. நான் செய்தது மறுப்பு இல்லை. காரணம் சொல்லாமல் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயை அடைத்தேன். அவள் எழுந்து வந்தது அவள் கெட்டிக்காரத்தனம், அவள் அப்பா அம்மா கொடுத்த தைரியம். அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. இவள் ஒருத்தி வந்து சொல்லிவிட்டாள். கேள்வி கேட்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்புறம் கேட்பதையே விட்டுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் யாரும் ப்ரொஃபசராகி என்னைப் பார்க்க வரப்போவதில்லை.

ஆகவே, 1998க்கு முன்னால் என்னிடம் படித்தவர்களே, உங்கள் நோட்டில் இந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி எரியும்போது டம்ளருக்குள் இருக்கிற காற்று சூடாகி விரிகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போது அந்த விரிந்த காற்றைத்தான் மூடுகிறோம், கொஞ்சம் குமிழியாக வெளியேயும் போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். மூன்று மெழுகுவத்தி என்றால் சூடு அதிகம், ஏற்றமும் அதிகம். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை. அதற்கு முன்பே மெழுகுவத்தி அணைந்துவிடும். எரியும்போது கார்பன் டை ஆக்சைடு வேறு உண்டாகிறது. காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன் என்பது சரி. ஆனால் அதற்கு இந்தச் சோதனை சாட்சி இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒன்று, மூன்று என்று செய்து பாருங்கள். நெருப்பு, கவனம். பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள்.

வேறு யாருடைய பேப்பரிலாவது, சரியாக எழுதியதை நான் அப்படி அடித்திருந்தால், கேட்ட கேள்விக்கு உங்களை உட்காரவைத்திருந்தால், எனக்கு எழுதுங்கள். முடிந்தால் வீட்டுக்கு வாருங்கள். எனக்குப் பதில் தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அந்தப் பையனின் கட்டுரை போன மாதம் வெளிவந்துவிட்டது. அவன் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று ஃபோன் செய்து சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
ஆவடி.